பெயர் தெரியாத ஓர் ஆமைப்பூட்டு

என்னிடம் பன்னிரண்டு ஆமைப்பூட்டுகள் இருக்கின்றன. முத்திரை சேர்ப்பவர்களும் நாணயம் சேர்ப்பவர்களும் எங்கள் கல்லூரியில் பலர் உண்டு. பூட்டுச் சேர்ப்பவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். பொழுதுபோக்கு என்னவென்று யாராவது கேட்டால் "வாசிப்பு" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். "பூட்டு" என்று சொன்னால் அடுத்த கேள்வி "எதற்கு?" என்றுதான் வரும். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில் அல்ல. கையில் அகப்பட்ட, இன்னதென்று தெரியாத ஒரு பூட்டைத் தொடக்கநிலைச் சேகரிப்பாளர் ஒருவர் எப்படி இனங்காணலாம் என்பதைப் பற்றியது. எனது பன்னிரண்டாவது பூட்டை இனங்காண எனக்கு ஏறக்குறைய மூன்று மாதங்கள் பிடித்தன. அதை வைத்தே சொல்கிறேன்.

அந்தப் பூட்டு நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் வீட்டு அலுமாரியின் கீழ் லாச்சியில் கிடந்தது. உம்மாவின் குடும்பத்தினர் யாழ்ப்பாணம் சோனகத் தெருவைச் சேர்ந்தவர்கள். 1990 ஒக்டோபர் இறுதியில் எல்லாரோடும் சேர்ந்து அவர்களும் ஊரை விட்டு வெளியேற வேண்டி வந்தபோது, உம்மும்மா முன்கதவைப் பூட்டித் திறப்பைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு புறப்பட்டார். புத்தளம் வந்து சேர்ந்த பிறகும் அந்தத் திறப்பு அவரிடமே இருந்தது. இன்றும் இருக்கிறது. 2002 இல் ஏ-9 பாதை திறந்தபோது மாமா போய் வீட்டைப் பார்த்தார். கூரை இல்லை. முன்கதவு நிலையோடு சாய்ந்து கிடந்தது. கொண்டியில் பூட்டு மட்டும் பூட்டியபடி தொங்கியது. மாமா கொண்டியை அறுத்துப் பூட்டை எடுத்து வந்தார்.

உம்மும்மா அன்றைக்கே திறப்பைப் போட்டுப் பார்க்க முயன்றாராம். துவாரத்தை மூடியிருந்த சிறு தகடு அசையவே இல்லை. "கறள் பிடிச்சிட்டுது" என்று எல்லாரும் சொன்னார்கள். தட்டிப் பார்க்கலாம் என்று வாப்பா சொன்னதற்கு, உடைந்துவிடும் என்று உம்மும்மா விடவில்லை. அன்று முதல் இருபது வருடங்களுக்கு மேலாக அது "எங்கட வீட்டுப் பூட்டு". பெருநாளைக்கு வருகிற உறவினர்களுக்கு அதை எடுத்துக் காட்டுவதும் ஒரு வழக்கமாகிவிட்டது. அந்தப் பூட்டைத்தான் நான் போன வருடம் "ஆராய்ச்சி செய்யத் தாருங்கள்" என்று கேட்டு வாங்கினேன்.

முதலில், செய்யக்கூடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பூட்டு கையில் கிடைத்ததும் அதை மினுக்காதீர்கள். எனது முதலாவது பூட்டைப் பிராசோ போட்டு ஒரு மணித்தியாலம் தேய்த்தேன். கண்ணாடிபோல் வந்தது. ஆனால் அதன் முகத்தில் மெல்லிதாக இருந்த எழுத்துகள் தேய்ந்து, இப்போது ஓர் "ஓ" மட்டும்தான் மிச்சம். பூட்டைச் செய்தவரின் பெயரை நானே அழித்தேன். பித்தளையின் மேல் படிந்த கருமையும், பள்ளங்களில் தங்கிய பழைய அழுக்கும்கூடச் சாட்சிகள்தாம். உலர்ந்த பழைய பற்தூரிகையால் மண்ணைத் தட்டிவிடலாம். அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

அடுத்தது அளவும் நிறையும். எனது பன்னிரண்டாவது பூட்டு 63 மில்லிமீற்றர் அகலம். பக்கத்துக் கடை டிஜிட்டல் தராசில் 312 கிராம். பிறகு காந்தம். இது மிக எளிய சோதனை, ஆனால் மிகவும் பயன் தருவது. மஞ்சளாகத் தெரிவதெல்லாம் பித்தளை அல்ல. இரும்பின் மேல் மெல்லிய பித்தளைப் பூச்சுப் பூசிய பூட்டுகள் ஏராளம். காந்தம் உடலில் ஒட்டினால் அது பூச்சு. என் பூட்டின் உடலில் காந்தம் ஒட்டவில்லை. வளையத்தில் ஒட்டியது. ஆகவே பித்தளை உடல், உருக்கு வளையம். வளையத்தின் ஒரு கால் உடலோடு ஆணியால் மூட்டப்பட்டிருந்தது, மறு கால்தான் திறந்து மூடும். இதையும் எழுதிக்கொண்டேன்.

உடல் எப்படி உருவாக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது அடுத்த வேலை. முன்தகடு, பின்தகடு, நடுவே ஒரு சுற்றுப்பட்டி ஆகியவற்றைத் தறையாணிகளால் அறைந்து சேர்த்த பூட்டுகள் பழைய முறையைச் சேர்ந்தவை. ஆனால் அந்த முறை இன்றும் வழக்கில் இருக்கிறது என்பதால், தறையாணியைக் கண்டதும் "நூறு வருடப் பூட்டு" என்று துள்ளக்கூடாது. முழுப் பித்தளைக் கட்டியைத் துளைத்துச் செய்தவை இன்னொரு வகை. நம் கடைகளில் இப்போது அதிகம் தொங்குவது அவைதாம். பல உருக்குத் தகடுகளைப் புத்தகத் தாள்போல் அடுக்கி அறைந்தவை மூன்றாவது வகை. அந்த அடுக்குப் பூட்டுக்கு அமெரிக்காவில் ஹரி சோரெஃப் என்பவர் 1924 இல் காப்புரிமை பெற்றார். அவர் 1921 இல் தொடங்கிய மாஸ்டர் லொக் நிறுவனம் இன்றும் அதே அடுக்கு வடிவத்தில் பூட்டுகளைச் செய்கிறது. பக்கவாட்டில் கோடுகோடாகத் தெரிந்தால் அந்தப் பூட்டு 1924 க்குப் பிந்தியது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். எனது பூட்டு முதலாவது வகை. கேடயம்போல் கீழே குவிந்த வடிவம், சுற்றிவர ஆறு தறையாணிகள்.

திருகாணி இருந்தால் அதன் தலையையும் பாருங்கள். கற்பிட்டியில் ஒல்லாந்தர் கோட்டை இருப்பதாலோ என்னவோ, எங்கள் பக்கத்தில் பழையது எல்லாமே ஒல்லாந்தருடையதுதான். பழைய பொருள் விற்கும் கடையொன்றில் ஒரு பெரிய இரும்புப் பூட்டைக் காட்டி "ஒல்லாந்தர் காலம், 2,500 ரூபா" என்றார்கள். வாங்கும் ஆசையோடு திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் இரண்டு "ஸ்டார்" ஸ்க்ரூ. அந்தக் குறுக்குக் கோட்டுத் தலை 1930களில் அமெரிக்காவின் ஹென்றி பிலிப்ஸ் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒல்லாந்தர் இலங்கையை விட்டுப் போனது 1796 இல். காசு மிச்சம்.

இப்போது எழுத்துகளுக்கு வருவோம். தேய்ந்த எழுத்தை வாசிக்க இரண்டு வழிகள் எனக்குப் பயன்பட்டன. இருட்டறையில் டோர்ச் வெளிச்சத்தை நேரே அடிக்காமல் பக்கவாட்டில் சரித்து அடித்தால் பள்ளங்களில் நிழல் விழும். கண்ணுக்குத் தெரியாத எழுத்து அப்போது தெரியும். மற்றது, மெல்லிய கடதாசியைப் பூட்டின் மேல் வைத்துப் பென்சிலைச் சாய்த்து உரசுவது. சின்ன வயதில் நாணயத்தின் மேல் கடதாசி வைத்து உரசாதவர் யார்? அதே வேலைதான். என் பூட்டின் முகத்தில் ஆங்கிலத்தில் "6 லீவர்ஸ்" என்பது தெளிவாக வந்தது. அதன் கீழே ஒரு நீண்ட சொல்லின் நடுவே "ஐ, ஜி, ஏ, ஆர்" என்ற நான்கு எழுத்துகள் மட்டும் வந்தன.

இந்த இடத்தில் தொடக்கக்காரர்கள் வழுக்கி விழுவதுண்டு. பூட்டில் இருக்கிற எழுத்தெல்லாம் செய்தவரின் பெயர் அல்ல. "செக்கியூர்", "பெஸ்ட்", "லீவர்" போன்றவை பண்பையோ பொறிமுறையையோ சொல்லும் பொதுச் சொற்கள். பல நாடுகளில் பல பட்டறைகள் அவற்றைப் பொறித்தன. "பேட்டன்ற்" என்று இருந்தால் அது காப்புரிமையைக் குறிக்கும். அந்த இலக்கத்தைக் கண்டுபிடித்தாலும் கிடைப்பது பூட்டு செய்யப்பட்ட ஆண்டு அல்ல, அதற்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாத ஆண்டு. 1899 போன்ற நான்கு இலக்க எண்ணைக் கண்டதும் ஆண்டு என்று எண்ணிவிடவும் கூடாது. திறப்பு இலக்கமாகவும் இருக்கலாம்.

நாட்டின் பெயர் இருந்தால் அது பெரிய உதவி. 1887 இல் பிரித்தானியா கொண்டுவந்த வணிகக் குறிச் சட்டமும், 1890 இல் அமெரிக்கா கொண்டுவந்த தீர்வைச் சட்டமும்தான் இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயரைப் பொறிக்கும் வழக்கத்தைப் பரப்பின. "மேற்கு ஜெர்மனி" என்று இருந்தால் அது 1949 க்கும் 1990 க்கும் இடைப்பட்டது, ஏனென்றால் அந்த நாடு அந்தப் பெயரில் இருந்ததே அவ்வளவு காலம்தான். நம் நாட்டின் பெயர் "சிலோன்" என்பதிலிருந்து 1972 இல் மாறியது நமக்குத் தெரியும். எனது நான்காவது பூட்டில் "சி.ஜி.ஆர்." என்று இருக்கிறது. இலங்கை அரசாங்க ரயில்வேயின் பழைய ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் அவை. அது எப்படிப் பழைய இரும்புக் கடைக்கு வந்தது என்று நான் கேட்கவில்லை.

பூட்டுக்குப் பேர்போன ஊர்களைத் தெரிந்து வைத்திருப்பதும் நல்லது. இங்கிலாந்தில் வில்லன்ஹோல் என்ற சிற்றூர் முழுவதுமே பூட்டுப் பட்டறைகளால் வாழ்ந்தது. குனிந்து அரம் தேய்த்தே முதுகு கூனிப்போன தொழிலாளர்களால் அதற்குக் "கூனர் ஊர்" என்ற பொருளில் ஒரு கேலிப்பெயரும் இருந்தது. தமிழ்நாட்டில் திண்டுக்கல். அங்கு செய்யப்படும் பூட்டுகளுக்கு 2019 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வட இந்தியாவில் அலிகார். அலிகார் என்றதும் நமக்குப் பல்கலைக்கழகம்தான் ஞாபகம் வரும். ஆனால் இந்தியாவில் அதைப் "பூட்டு நகரம்" என்றே அழைக்கிறார்கள். ஐ, ஜி, ஏ, ஆர். ஆங்கிலத்தில் அலிகார் என்று எழுதிப் பாருங்கள். அந்த நான்கு எழுத்தும் அதே வரிசையில் நடுவே வரும். இதைக் கண்டுபிடித்த இரவு நான் வரலாற்றுக் குறிப்பு எதையும் படிக்கவில்லை என்பதை உம்மா இதை வாசித்துத்தான் தெரிந்துகொள்வார்.

எழுத்து தேய்ந்தாலும் பொய் சொல்லாத ஒன்று உண்டு. அது திறப்புத் துவாரம். திறப்பே இல்லாத பூட்டுக்குக்கூட, உள்ளே என்ன பொறி இருக்கிறது என்பதைத் துவாரம் சொல்லிவிடும். அடிப்பாகத்தில், வளைந்து நெளிந்த சிறு பிளவு இருந்தால் அது முள் உருளைப் பூட்டு. 1860களில் அமெரிக்காவின் லைனஸ் யேல் காப்புரிமை பெற்ற முறை அது. திறப்பு சிறியது, தட்டையானது, ஒரு விளிம்பில் மலைத்தொடர்போல் ஏற்ற இறக்கம், பக்கத்தில் நீளவாட்டில் பள்ளம். இன்று நம் வீடுகளில் இருக்கும் திறப்புகளில் பெரும்பாலானவை இவைதாம். வட்டத் துவாரம் மட்டும் இருந்து உள்ளே புரி தெரிந்தால் அது திருகுத் திறப்புப் பூட்டு. திறப்பே ஒரு திருகாணிபோல இருக்கும். இந்தியாவிலும் ஈரானிலும் பழைய காலத்தில் வழங்கியது. பழைய சீனப் பூட்டுகளில் திறப்பைத் திருப்புவதே இல்லை. பக்கத்தால் உள்ளே தள்ள, விரிந்து நிற்கும் விற்கள் ஒடுங்கித் தாழ் வெளியே வரும்.

முகத்தில் வட்டமும் அதன் கீழ் ஒரு நேர்ப்பிளவுமாக இருந்தால் அநேகமாக லீவர் பூட்டு. இதன் உள்ளே மெல்லிய தகடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு தகட்டையும் ஒரு சிறு வில் அழுத்திக்கொண்டிருக்கும். திறப்பின் பல் திரும்பும்போது அதன் ஒவ்வொரு படியும் ஒவ்வொரு தகட்டை உயர்த்தும். எல்லாத் தகடுகளிலும் உள்ள வெட்டுகள் ஒரே கோட்டில் வந்தால்தான் தாழ் நகரும். ஒரு தகடு போதிய அளவு உயராவிட்டாலும் நகராது, அளவுக்கு மேல் உயர்ந்தாலும் நகராது. இந்த "மேலும் கூடாது, கீழும் கூடாது" என்ற காவலை 1778 இல் இங்கிலாந்தின் ரொபர்ட் பரன் காப்புரிமை செய்தார். 1818 இல் ஜெரமையா சப் இன்னும் ஒரு படி போனார். யாராவது கள்ளத் திறப்புப் போட்டு ஒரு தகட்டை மிதமிஞ்சி உயர்த்தினால், அது அப்படியே சிக்கி நின்று, அடுத்த முறை வீட்டுக்காரர் தம் திறப்பைப் போடும்போது "யாரோ கை வைத்திருக்கிறார்கள்" என்று காட்டிக்கொடுக்கும். என் பூட்டில் உள்ள "6 லீவர்ஸ்" இந்தத் தகடுகளின் எண்ணிக்கையைத்தான் சொல்கிறது.

ஆனால் என் பூட்டின் துவாரத்தை நான் இன்னும் பார்க்கவில்லையே! மூடித் தகடு இறுகிக் கிடந்தது. தையல் மெஷின் எண்ணெயில் ஒரு துளி காலையில், ஒரு துளி இரவில். ஊசி போட்டால் பித்தளை கீறுப்படும் என்பதால் ஈர்க்கால் விளிம்பு நெடுகச் சுரண்டினேன். ஒன்பதாவது நாள் தகடு ஒரு நெல்மணி அளவு அசைந்தது. பதினோராவது நாள் முழுவதும் திறந்தது.

உள்ளே வட்டம், கீழே பிளவு. எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, வட்டத்தின் நடுவே நேராக நின்ற ஒரு கம்பி. ஈர்க்கை விட்டுச் சுற்றிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. இப்படிக் கம்பி இருக்கும் பூட்டுக்குக் குழல் திறப்புத்தான் வேண்டும். திறப்பின் தண்டு பேனா மூடிபோல் உள்ளே துளையாக இருக்கும், அந்தத் துளை கம்பியின் மேல் செருகி நின்று திரும்பும். துளையில்லாத திறப்பு எதுவும் அதற்குள் போகவே முடியாது.

உம்மும்மாவின் திறப்பை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். சிறியது. தட்டையானது. ஒரு விளிம்பில் ஏற்ற இறக்கம், பக்கத்தில் நீளப் பள்ளம்.

இருபது வருடங்களாகக் கறளைக் குற்றம் சொல்லியிருக்கிறோம். கறளே இல்லாத புதுப் பூட்டாக இருந்தாலும் அந்தத் திறப்பு இந்தப் பூட்டுக்குள் போயிருக்காது.

இதை உடனே சொல்லவில்லை. ஆராய்ச்சியில் ஒரு முடிவு வந்ததும் அதற்கு எதிரான காரணங்களைத் தேட வேண்டும் என்று எங்கள் ஆசிரியை சொல்வார். ஒருவேளை உம்மும்மாவிடம் இருப்பது வேறு கதவின் திறப்போ? மூத்தவாப்பாவின் கடைத் திறப்பாக இருக்கலாமே? பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "கடத் திறப்பு மூத்தவாப்பாட சட்டப் பையில. இது முன்கதவு. நான்தான் பூட்டினது. மூத்தவாப்பா கடையால கொண்டந்து போட்ட புதுப் பூட்டு, போட்டு ஒரு மாசமும் இல்ல" என்றார். அன்று வரை அவர் அந்தப் பூட்டை எத்தனை தரம்தான் கையில் எடுத்திருப்பார்? பித்தளை நிறம் என்பதைத் தவிர அவருக்கு அதன் உருவம் ஞாபகமில்லை என்பது அப்போது புரிந்தது.

ஆகவே, அவர் பூட்டிய பூட்டை யாரோ அகற்றியிருக்கிறார்கள். பிறகு இந்தப் பூட்டைப் போட்டிருக்கிறார்கள். 1990 க்கும் 2002 க்கும் இடையில்.

ஒரு பூட்டு எவ்வளவு பாவிக்கப்பட்டது என்பதையும் படிக்கலாம். மூடித் தகட்டை ஒவ்வொரு முறையும் விரலால் ஒதுக்கும்போது அதன் விளிம்பு பூட்டின் முகத்தில் உரசும். நாளாக நாளாக அங்கே ஒரு வளைகோடு விழும். என் பூட்டில் அந்தக் கோடு பிறைபோல, நகம் தடக்கும் அளவுக்கு ஆழமாக இருக்கிறது. துவாரப் பிளவின் வலது விளிம்பு உருண்டு தேய்ந்திருக்கிறது. ஓரிரு தரம் பூட்டிப் போட்டுவிட்டுப் போன பூட்டு இப்படித் தேயாது. நாள்தோறும் திறந்து மூடிய பூட்டு இது. ஆனால் இங்கேயும் அவசரப்படக்கூடாது. தேய்மானம் பூட்டுக்கு உரியது, கதவுக்கு உரியதல்ல. எங்கள் கதவுக்கு வருமுன் இந்தப் பூட்டு வேறு எத்தனை கதவுகளைக் கண்டதோ.

ஒரு வெள்ளிக்கிழமை, மாமாவும் வந்திருந்த அன்று, எல்லாவற்றையும் சொன்னேன். திறப்பையும் துவாரத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். மாமா பூட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப நான் ஆர்ர பூட்டக் கொண்டந்திருக்கிறன்?" என்றார். வீட்டைப் பிடித்தவர்கள் பூட்டிய பூட்டு என்பது அவர் முடிவு. காணாமல் போகட்டும் என்று வெளியே எறியவும் எழுந்தார். வாப்பா தடுத்தார்.

உம்மும்மா கேட்டது வேறு. "அப்ப எங்கட பூட்டு?"

உடைத்திருப்பார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார். பிறகு அந்தப் பிறைக் கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு தேஞ்சிருக்கே, ஆரோ குடியிருந்திருக்காங்க" என்றார். சற்றுப் பொறுத்து, "அவங்களும் பூட்டிட்டுத்தானே போயிருக்காங்க" என்றார். மாமா ஒன்றும் பேசவில்லை. அவர்கள் யார், எதற்காக வந்தார்கள், எப்போது, எதற்காகப் பூட்டிவிட்டுப் போனார்கள் என்பதை என் காந்தமும் டோர்ச்சும் ஈர்க்கும் சொல்லவில்லை. மாமா சொல்வதுபோலவும் இருக்கலாம். கூரை இழந்த வேறொரு வீட்டுக்காரராகவும் இருக்கலாம்.

திறப்பு வெட்டுகிற ஒருவர் பூட்டைத் திறந்து, குழல் திறப்பு ஒன்றும் செய்து தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று விட்டேன். உடமைக்காரர் யாரென்று தெரியாத பூட்டைத் திறப்பது சேகரிப்பாளரின் வேலையல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. வேறு சேகரிப்பாளர்கள் இதற்கு உடன்படமாட்டார்கள்.

ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு கொப்பியில் பதிவு எழுதுவது என் பழக்கம். தெரிந்ததையும் ஊகித்ததையும் வேறு வேறு மையில் எழுதுவேன். பன்னிரண்டாம் இலக்கத்துக்கு நீல மையில் எழுதியது: லீவர் ஆமைப்பூட்டு, பித்தளை உடல், உருக்கு வளையம், ஆறு தறையாணி, 63 மில்லிமீற்றர், 312 கிராம், குழல் திறப்புக்குரியது, திறப்பு இல்லை, பூட்டிய நிலை, யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் எங்கள் வீட்டு முன்கதவிலிருந்து 2002 இல் எடுக்கப்பட்டது. சிவப்பு மையில் எழுதியது: அலிகாரில் செய்ததாக இருக்கலாம், நெடுநாள் தினசரிப் பாவனை.

உம்மும்மாவின் திறப்புக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, "பூட்டு இல்லை" என்று எழுத ஆயத்தமானேன். அவர் திறப்பை என் கையிலிருந்து எடுத்து மறுபடி தலைப்பில் முடிந்துகொண்டார். அதற்கு இலக்கம் போடக்கூடாதாம்.